சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

பாக்கியம்: தோள்பட்டை கழண்டு விழுந்துரும் போல இருக்கு தம்பி. முதல்ல இத வாங்கி வையி... கீழ வைக்காத. மேசையில.

ரஃபீக்: இங்க வைங்க. அந்தப் பழைய கீபோர்டை எல்லாம் தள்ளிவிடுங்க. என்னக்கா, இத நீங்களா தூக்கிட்டு வந்தீங்க?

பாக்கியம்: பின்ன? லாரி சைட்டுக்குப் போயிருச்சு, எம்ஆர்டி ட்ரெயின்ல போன்னுட்டாரு பாஸ். செம்பவாங்ல ஏறி, டோபி காட்ல மாறி, தேக்காவுல எறங்கி... இங்க வந்தா உன் கடை மூணாவது மாடி, லிஃப்ட் ஓடல. ரிப்பேர் கடை இருக்குற கட்டடத்துல லிஃப்ட் ரிப்பேர்.

ரஃபீக்: லிஃப்ட்டுக்கு நான் பொறுப்பு இல்லக்கா. அது கிடக்கட்டும்... இது என்ன, கம்ப்யூட்டரா, கல்யாணப் பொண்ணா?

பாக்கியம்: ஆயுத பூசை போட்டோம்ல. தொடச்சுப் பார்த்தேன், போகல. காஞ்சு பிடிச்சுருச்சு.

ரஃபீக்: முன்னாடி மூணு பட்டை, நடுவுல பொட்டு. சரி. பக்கத்துல எதுக்குக்கா? இந்த ஓட்டையெல்லாம் காத்து போறதுக்கு. சந்தனம் போறதுக்கு இல்ல.

பாக்கியம்: ட்ரெயின்ல ஒரு சீன அம்மா எந்திரிச்சு இடம் குடுத்தாங்க. எனக்கு இல்ல, இதுக்கு. சாமின்னு நினைச்சுட்டாங்க.

ரஃபீக்: வருஷா வருஷம் உங்க பூசை முடிஞ்சா எனக்கு நாலு மெஷின் வந்துரும். ஒருத்தர் பிரிண்டர் தலையில எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொண்டு வந்தாரு. சரி, சொல்லுங்க. என்ன செய்யுது?

பாக்கியம்: ஒண்ணும் செய்யல. அதான் கம்ப்ளைண்ட். பட்டனை அமுக்கினா உள்ள விசிறி சுத்துது. ஸ்கிரீன் கறுப்பா நிக்குது.

ரஃபீக்: எப்போலேர்ந்து?

பாக்கியம்: பூசைக்கு மறுநாள் காலையிலேர்ந்து.

ரஃபீக்: ம்... ஹார்ட் டிஸ்க் போயிருக்கும்க்கா.

பாக்கியம்: இன்னும் ஒரு ஸ்குரூ கூட கழட்டலயே நீ.

ரஃபீக்: இல்ல, பொதுவா சொல்றேன். பழைய மெஷின். டிஸ்க் போனா ஃபைல் எதுவும் தேறாது. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுறேன், கொண்டு போய் பாஸ்கிட்ட குடுத்துருங்க.

பாக்கியம்: டாக்டரே, நாடியப் பிடிச்சாவது பாரு. அப்புறம் செத்துட்டான்னு சொல்லு.

ரஃபீக்: பாக்காம இல்லக்கா...

பாக்கியம்: ஒரு மவுஸைக்கூட நாலு தடவை குலுக்கிப் பார்த்துட்டுத்தான் புதுசு வாங்குன்னு சொல்ற ஆளு நீ. இன்னைக்கு என்ன அவசரம்?

ரஃபீக்: பசி. ஜும்மா முடிஞ்சு இப்பத்தான் கடையைத் திறந்தேன். இன்னும் சாப்பிடல.

பாக்கியம்: அப்படிச் சொல்லு. இந்தா, பூசைப் பொரி. கடலை, அவல், வெல்லம் எல்லாம் போட்டது. உனக்குன்னு தனியாக் கட்டிக் கொண்டாந்தேன். மேலாப்புல எடுத்துச் சாப்பிடு. அடியில கையை விடாத, வெல்லம் உருகிக் கிடக்கு.

ரஃபீக்: பொரி குடுத்து வேலை வாங்குறீங்க.

பாக்கியம்: சும்மா வாங்குறதுக்கு அது பரவால்ல இல்ல? ...அந்தப் போனை எடு தம்பி, காது போகுது.

ரஃபீக்: அது என்னோடது இல்ல. ரிப்பேருக்கு வந்தது. ஸ்கிரீன் மாத்தி வச்சாச்சு, ஆளு வாங்க வரல. முந்தாநாளிலேர்ந்து அடிச்சுக்கிட்டே கிடக்கு.

பாக்கியம்: எடுத்து ஒரு வார்த்தை சொல்லலாம்ல?

ரஃபீக்: கஸ்டமர் போனை எடுக்கக் கூடாது. ஒருதடவை எடுத்தேன். அந்தாளு வீட்டுக்காரம்மா கேட்டாங்க, 'அவரு தேக்காவுலயா இருக்காரு, ஜோகூர்ல இருக்கேன்னாரே'ன்னு. அதோட விட்டுட்டேன்.

பாக்கியம்: நல்ல வேலை செஞ்ச. சரி, இதத் திற.

ரஃபீக்: திறக்குறேன் லா. முதல்ல இந்தப் பட்டன்ல இருக்குற சந்தனத்தைச் சுரண்டுறேன்... உள்ள பாருங்க, விசிறியெல்லாம் குங்குமம். ஊதினா கடையே ஹோலிக் கடை ஆயிரும். தள்ளி நில்லுங்க. ...அப்படி என்ன ஃபைல்க்கா வேணும்? சம்பளக் கணக்கா?

பாக்கியம்: சம்பளக் கணக்கு வேற இடத்துல இருக்கு. ஸ்டோர் கேமரா.

ரஃபீக்: நான் மாட்டிக் குடுத்தேனே, கேபிள் திருட்டுப் போனப்ப, அந்தச் சின்ன கேமராவா?

பாக்கியம்: அதான். அது இதுக்குள்ளதானே பதியுது. பூசை அன்னைக்குப் பதிஞ்சது வேணும்.

ரஃபீக்: பூசையைப் பாக்குறதுக்கா?

பாக்கியம்: ஒரு ஆளு விழுந்துட்டான் தம்பி. தெரியாதா உனக்கு?

ரஃபீக்: ...கேள்விப்பட்டேன்.

பாக்கியம்: யாரு சொன்னா?

ரஃபீக்: தேக்காவுல எல்லாரும்தான் பேசுறாங்க. நீங்க சொல்லுங்க.

பாக்கியம்: பூசை அன்னைக்கு வேலை கிடையாது. சாமானெல்லாம் கழுவி ஸ்டோர்ல சாமி படத்துக்கு முன்னாடி அடுக்கியாச்சு. வெல்டிங் செட்டு, கிரைண்டர், ஸ்பேனரு, பெல்ட்டு...

ரஃபீக்: பெல்ட்டுன்னா?

பாக்கியம்: உசரத்துல ஏறுறப்ப மாட்டுவாங்கல்ல, சேஃப்டி பெல்ட். அதெல்லாத்துக்கும் பொட்டு வச்சு, கற்பூரம் காட்டி, சாப்பாடு போட்டாச்சு. மத்தியானம் ஒரு கஸ்டமர் போன் அடிச்சாரு. கிடங்குல கூரை ஒழுகுது, ஒரே ஒரு ஷீட்டு, இப்பவே வரணும்னு. பாஸ் ரமணனை அனுப்புனாரு. அஞ்சு நிமிஷ வேலைன்னு. ஸ்பேனர்கூட பூசையில. லாரியில கிடந்த துரு ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போனான்.

ரஃபீக்: பெல்ட் இல்லாமயா?

பாக்கியம்: ரெண்டு மாடி உசரம். இடுப்பு எலும்பு, தொடை, ரெண்டும் போச்சு. ஆபரேஷன் ஆயிருச்சு. நினைவு இருக்கு, பேசுறான்.

ரஃபீக்: அவன் பெல்ட் கேக்கலயா?

பாக்கியம்: நீ ஸ்குரூவைப் பாரு. ...திங்கக்கிழமை கவர்மெண்ட் ஆபீசர் விசாரிக்க வர்றாரு. கேமராவுல பதிஞ்சது வேணும்னு கேட்டிருக்காரு. பாஸ் என்ன சொல்லியிருக்காருன்னா, பெல்ட் குடுத்தோம், அவன்தான் மாட்டல, சொன்ன பேச்சு கேக்காத பயன்னு.

ரஃபீக்: அப்ப தப்பு அவன் மேல வந்துரும்.

பாக்கியம்: வந்துட்டா அதோட முடிஞ்சுது. ஆஸ்பத்திரி செலவு எப்படியோ நடக்கும்னு வையி. ஆனா பெல்ட் போடாம ஏறுற ஆளுன்னு ஒருதடவை பேரு வந்தா இந்த ஊர்ல எவன் வேலைக்கு எடுப்பான்? நொண்டிக் காலோட ஊருக்கு ஏத்தி அனுப்பிருவாங்க. ஏஜண்ட்டுக்கு அழுத பணத்துல பாதிகூட இன்னும் அவன் சம்பாதிக்கல. நானும் ஆபீசர்கிட்ட சொல்லணுமாம். ஸ்டோர் பாக்குறவ நான்தானே. 'என் கையால பெல்ட் குடுத்தேன் சார்'னு.

ரஃபீக்: கேமராவுல பார்த்தா தெரிஞ்சுரும்.

பாக்கியம்: அதுக்குத்தானே தோள்ல சுமந்து வந்தேன். ...தம்பி, அந்தக் கேமராவுல சத்தம் வருமா?

ரஃபீக்: வராது. படம் மட்டும்தான். சல்லிசா வேணும்னு உங்க பாஸ் கேட்டாரு.

பாக்கியம்: ம். சரி.

ரஃபீக்: எந்த ரமணன்க்கா? உங்க ஆளுங்க எல்லாரும் இங்கதான் வருவாங்க. புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்குமே, சிரிச்சா ஈறு தெரியும்...

பாக்கியம்: அவன்தான்.

ரஃபீக்: அவனாக்கா?

பாக்கியம்: என்ன? ஏன் அப்படி நிக்குற? மறுபடியும் அது அடிக்குது பாரு.

ரஃபீக்: அது அவன் போன்க்கா.

பாக்கியம்: எது?

ரஃபீக்: இந்தா, இதான். போன ஞாயித்துக்கிழமை குடுத்துட்டுப் போனான். கண்ணாடி நொறுங்கி, அதுலயே தேய்ச்சுத் தேய்ச்சு விரல்ல கீறல். அடுத்த ஞாயிறு வாங்கிக்கிறேன்னான். உங்க கம்பெனி ஆள்தான் விழுந்ததுன்னு தெரியும். இவன்னு தெரியாது.

பாக்கியம்: பேரு என்ன வருது? நான் கண்ணாடி கொண்டாரல.

ரஃபீக்: தாரணி.

பாக்கியம்: அவன் பொண்டாட்டி. ஊர்ல அவன் அண்ணனுக்கு மட்டும்தான் முழுசாத் தெரியும். இவகிட்ட லேசான அடின்னு சொல்லி வச்சிருக்காங்க. லேசான அடின்னா ஏன் போனை எடுக்க மாட்டேங்குறான்னு அடிச்சுக்கிட்டே இருக்கா.

ரஃபீக்: நின்னுருச்சு.

பாக்கியம்: மறுபடியும் அடிப்பா. போறப்ப என்கிட்ட குடு, ஆஸ்பத்திரியில சேர்த்துடுறேன். ...இரு, இப்ப என் போன். பாஸ்.

ரஃபீக்: எடுங்க.

பாக்கியம்: சொல்லுங்க பாஸ். கடையிலதான் இருக்கேன்... ஸ்பீக்கர்ல போடவா? அவன் கையெல்லாம் குங்குமம்.

தங்கராஜு: ரஃபீக், என்னப்பா, பார்த்துட்டியா?

ரஃபீக்: இப்பத்தான் திறந்திருக்கேன் அண்ணே.

தங்கராஜு: திறக்குறதுக்கு என்ன இருக்கு? சந்தனம் உள்ள எறங்கி டிஸ்க் போயிருச்சு. அதான?

ரஃபீக்: பாக்குறேன் அண்ணே.

தங்கராஜு: ரொம்ப நோண்டாத. உன் லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி எழுதிக் குடுத்து அனுப்பு. பாக்கியம்?

பாக்கியம்: இருக்கேன் பாஸ்.

தங்கராஜு: ரமணனுக்கு ஆஸ்பத்திரியில சாப்பாடு பிடிக்கலையாம். தோசை பார்சல் டபாவ் பண்ணி அனுப்பியிருக்கேன். நான் ஒண்ணும் கல் நெஞ்சுக்காரன் இல்ல. கம்பெனிய மூடச் சொன்னா பதினெட்டுப் பேர் நடுத்தெருவுல நிப்பாங்க. அதையும் யோசிக்கணும்ல.

பாக்கியம்: யோசிக்கிறேன் பாஸ்.

தங்கராஜு: உனக்கும் சேர்த்துத்தாம்மா சொல்றேன். சீக்கிரம் வா.

ரஃபீக்: வச்சுட்டாரா?

பாக்கியம்: வச்சுட்டாரு.

ரஃபீக்: உங்களுக்கும் சேர்த்துன்னா என்னக்கா?

பாக்கியம்: அவருக்கு அப்படித்தான் பேச வரும். நீ முதல்ல இதச் சொல்லு. நான் படி ஏறி வர்றதுக்கு முன்னாடியே உனக்குப் போன் வந்துருச்சா?

ரஃபீக்: ...காலையிலயே.

பாக்கியம்: நினைச்சேன். மூடின பெட்டியைப் பார்த்து டிஸ்க் போச்சுன்னா எனக்குத் தெரியாதா?

ரஃபீக்: நான் சரின்னு சொல்லலக்கா. 'பாக்குறேன் அண்ணே'ன்னேன். இந்தக் கடை ஆரம்பிச்சப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. அவருதான் ஆளுங்க தங்குற டார்மிட்டரி போன் பூராவும் அனுப்பிவிட்டாரு. இன்னைக்கும் என் வேலையில பாதி அவரு ஆளுங்கதான்.

பாக்கியம்: தெரியும். நானும் அவரு கம்பெனியிலதான் இருபது வருஷமாச் சோறு தின்னுறேன். யாரையும் குறை சொல்லல. பிளக்கை மாட்டு.

ரஃபீக்: மாட்டுறேன். சத்தத்தைக் கேளுங்க... கேக்குதா? நீளமா, விட்டு விட்டு.

பாக்கியம்: கூவுது.

ரஃபீக்: டிஸ்க் போனா இப்படிக் கூவாது. இது ரேம் இல்லன்னு கூவுறது. மெஷினுக்கு ஞாபகம் வச்சுக்குற குச்சி. அது இல்லாட்டி கண்ணே திறக்காது. சந்தனம் பட்டிருக்கும், எடுத்துத் துடைச்சா... அக்கா.

பாக்கியம்: என்ன?

ரஃபீக்: குச்சியே இல்ல.

பாக்கியம்: இல்லன்னா?

ரஃபீக்: ரெண்டு இருக்கணும். போன வருஷம் நானே மாட்டினேன். ரெண்டு இடமும் காலி. ரெண்டு பக்கமும் கிளிப் ஒழுங்காத் திறந்திருக்கு. ரேம் தானா எறங்கி நடந்து போகாதுக்கா.

பாக்கியம்: சந்தனத்துல கரைஞ்சிருக்குமோ?

ரஃபீக்: சிரிக்காதீங்க. யாரு கழட்டினா? பாஸா?

பாக்கியம்: அவருக்குப் பல்பு மாத்தவே ஆள் வேணும்.

ரஃபீக்: அப்ப...

பாக்கியம்: அந்தப் பொரிப் பொட்டலத்துல அடியில கையை விடு.

ரஃபீக்: வெல்லம் உருகிக் கிடக்குன்னீங்க.

பாக்கியம்: விடு, சொல்றேன்.

ரஃபீக்: ...என்னக்கா இது? பிளாஸ்டிக்ல சுத்தி... நான் இத்தனை நேரம் கை நிறைய அள்ளி வாயில போட்டுக்கிட்டு இருக்கேன். பல்லு போயிருக்கும்.

பாக்கியம்: அதான் மேலாப்புல சாப்பிடுன்னேன். பாஸ் என் கைப்பையைத் திறந்து பார்த்துட்டுத்தான் அனுப்புனாரு. பூசைப் பொரியைக் கிளற மாட்டாரு. அவ்வளவு பக்தி.

ரஃபீக்: ஏன்க்கா கழட்டினீங்க?

பாக்கியம்: நீதானே சொல்லிக் குடுத்த.

ரஃபீக்: நானா?

பாக்கியம்: போன வருஷம் இன்வாய்ஸ் ஃபோல்டரைத் தெரியாம அழிச்சுட்டு அழுதுக்கிட்டு வந்தேன்ல. என்ன சொன்ன? 'அழிஞ்சா உடனே மெஷினை நிறுத்துங்க. ஓட ஓட மேல எழுதிரும். ஓடலன்னா எடுத்துரலாம்'னு சொன்னியா இல்லையா?

ரஃபீக்: சொன்னேன்... அப்ப அழிச்சுட்டாங்களா?

பாக்கியம்: அன்னைக்குச் சாயங்காலம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி. பாஸ் இதுக்கு முன்னாடி உக்காந்து, எல்லாத்தையும் அழிச்சு, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணிட்டுப் போனாரு. நான் வெளியில கோலத்தைக் கழுவிக்கிட்டு இருந்தேன். கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. கேமரா மறுபடியும் பதிய ஆரம்பிச்சுருச்சு. அது ஓடிக்கிட்டே இருந்தா?

ரஃபீக்: ராத்திரியோட ராத்திரியா மேல மேல பதிஞ்சு ஒண்ணும் மிஞ்சியிருக்காது.

பாக்கியம்: பிளக்கைப் புடுங்கினா காலையில அவரு மாட்டிருவாரு. அதான் அவரு கிளம்புனதும் இதக் கழட்டினேன். நீ கழட்டி மாட்டுனப்ப பக்கத்துல டார்ச் அடிச்சவ நான்தானே. காலையில ஓடலன்னதும் அவருக்கே சந்தோஷம். 'சந்தனம் எறங்கிருச்சு போல, சாமியே பார்த்துக்கிச்சு'ன்னாரு. ஆபீசர்கிட்ட காட்ட ஒரு கடைக்காரன் எழுத்து வேணும்ல, அதுக்கு என்னையே அனுப்பி வச்சாரு.

ரஃபீக்: நேத்தே வந்திருக்கலாமே நீங்க.

பாக்கியம்: வந்திருக்கலாம்.

ரஃபீக்: ஏன் வரல?

பாக்கியம்: ...கழட்டினப்ப, காப்பாத்துறதுக்குக் கழட்டினேனா, ஒளிச்சு வைக்கக் கழட்டினேனான்னு எனக்கே தெரியல. ரெண்டு நாள் ஆச்சு தெரியுறதுக்கு. கேள்வி போதும். மாட்டு, ஓட்டிப் பாப்போம்.

ரஃபீக்: மாட்டக் கூடாது. இத ஓட்டினா அதுவே எழுத ஆரம்பிச்சுரும். டிஸ்க்கைக் கழட்டி என் மெஷின்ல மாட்டித் தேடணும். வெறும் படிக்க மட்டும்.

பாக்கியம்: வருமா?

ரஃபீக்: சொல்ல முடியாது. பேரெல்லாம் போயிருக்கும், எல்லாத்தையும் நம்பர் போட்டுத்தான் குடுக்கும். சிலது பாதி வரும். ...மாட்டியாச்சு. சுத்துது. டிஸ்க் நல்லா இருக்குக்கா.

பாக்கியம்: டாக்டர் செத்துட்டான்னாரே.

ரஃபீக்: குத்திக் காட்டாதீங்க. உக்காருங்க, நேரம் எடுக்கும். கீழ போய்க் குடிக்கத் தே வாங்கிட்டு வரட்டா?

பாக்கியம்: வேணாம். நீ இங்கயே இரு. பொரி சாப்பிடு. இப்ப பயமில்லாம அடியிலயும் கை விடலாம்.

ரஃபீக்: கீழ தீபாவளி லைட்டெல்லாம் கட்டிட்டாங்க, பார்த்தீங்களா?

பாக்கியம்: பார்த்தேன். மயிலு கழுத்து கொஞ்சம் கோணலா இருக்கு. போன வருஷம் எங்க ஆளுங்கதான் கம்பம் கட்டுனாங்க. ரமணன்தான் அந்த உச்சியில இருந்தவன். பெல்ட்டோட. போட்டோ எடுங்கக்கான்னான்.

ரஃபீக்: மாட்டாத ஆளு இல்ல அவன்.

பாக்கியம்: கக்கூஸ் கூரை மேல ஏறுனாலும் மாட்டுவான். மத்த பசங்க கேலி பண்ணுவாங்க.

ரஃபீக்: ...வருது. வீடியோ ஃபைல் வர ஆரம்பிச்சுருச்சு. இது உடைஞ்சது. இதுவும் உடைஞ்சது. இது வெறும் கறுப்பு...

பாக்கியம்: வந்ததைச் சொல்லு. வராததை எண்ணாத.

ரஃபீக்: இருங்க லா. இது முழுசு. இதுவும். ...அக்கா, உங்க போன்.

பாக்கியம்: நீயே எடு. ஸ்பீக்கர்லயே போடு.

ரஃபீக்: அண்ணே, ரஃபீக்.

தங்கராஜு: என்னப்பா, எழுதிட்டியா?

ரஃபீக்: டிஸ்க் நல்லா இருக்கு அண்ணே.

தங்கராஜு: ...நல்லா இருக்குன்னா?

ரஃபீக்: ஃபைல் வருது. அழிச்சது திரும்பி வருது.

தங்கராஜு: காலையில உன்கிட்ட என்ன பேசினேன்?

ரஃபீக்: பேசினீங்க. பாக்குறேன்னு சொன்னேன். பார்த்தேன். போனதுன்னு எழுத முடியாது அண்ணே, போகல.

தங்கராஜு: டார்மிட்டரி போன் பூராவும் உன் கடைக்கு யாரு அனுப்புறா? மறந்துட்டியா?

ரஃபீக்: மறக்கல. அதுல ஒண்ணு ரமணனோடது. அந்தா அடிக்குது... கேக்குதா? அவன் வீட்டுலேர்ந்து. முந்தாநாளிலேர்ந்து அடிக்குது.

தங்கராஜு: ...பாக்கியத்துக்கிட்ட குடு.

பாக்கியம்: இருக்கேன் பாஸ்.

தங்கராஜு: அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் பார்த்துட்டுத்தான் அழிச்சேன். நான் அபராதம் கட்டிட்டு எந்திரிச்சுருவேன். முதல்ல உருளப்போறது உன் தலைதான். இருபது வருஷம் என்கூட இருந்தவளாச்சேன்னுதான் அழிச்சேன்.

பாக்கியம்: தெரியும் பாஸ்.

தங்கராஜு: தெரிஞ்சுமா?

பாக்கியம்: திங்கக்கிழமை வேலைக்கு வருவேன். ஆபீசர் போனதுக்கு அப்புறம் வெளிய போன்னு சொன்னா போறேன்.

தங்கராஜு: ...பொழைக்கத் தெரியாத பொம்பளை நீ.

ரஃபீக்: வச்சுட்டாரு. அக்கா, என்ன சொல்றாரு அவரு? உங்க தலை எதுக்கு உருளணும்? நீங்க ஸ்டோர்காரங்க. அனுப்புனது அவரு.

பாக்கியம்: முழுசா வந்ததைத் திற. மத்தியானம் பதிஞ்சது.

ரஃபீக்: திறக்குறேன்... இதான். பூசை நாள், சாப்பாட்டுக்கு அப்புறம். இது உங்க கவுன்டர். பின்னாடி சாமி படம். பெல்ட்டெல்லாம் வரிசையா மடிச்சு வச்சு, ஒவ்வொண்ணுலயும் பொட்டு. பூ வேற. நல்லா செஞ்சிருக்கீங்க.

பாக்கியம்: காலையில அஞ்சு மணிக்கு வந்து செஞ்சேன். ஓட்டு.

ரஃபீக்: ரமணன் வர்றான். ஹெல்மெட்டோட. கவுன்டர்ல சாய்ஞ்சு நிக்குறான்... ஏதோ சொல்லிச் சிரிக்குறான். கையை நீட்டிப் பின்னாடி காட்டுறான். பெல்ட்டைத்தானே காட்டுறான்?

பாக்கியம்: ம்.

ரஃபீக்: நீங்க முடியாதுன்னு தலையாட்டுறீங்க. மறுபடியும் காட்டுறான். நீங்க கையை எடுத்து... குறுக்க நிக்குறீங்க.

பாக்கியம்: ஓட்டு.

ரஃபீக்: அவன் சாமியைப் பார்த்துக் கன்னத்துல போட்டுக்குறான். போறான். கையில ஒண்ணும் இல்ல. அவ்வளவுதான்.

பாக்கியம்: அவ்வளவுதான்.

ரஃபீக்: அக்கா... இது போதும், அவன் மேல தப்பு இல்லன்னு காட்ட. ஆனா அவன் வெறுங்கையோட வெளிய போற இடம் மட்டும் இருந்தாலே போதும். முன்னாடி இருக்குறதை வெட்டிரலாம். ஃபைல் பாதிதான் தேறுச்சுன்னு நான் எழுதித் தர்றேன். யாருக்கும் தெரியாது.

பாக்கியம்: போகாததைப் போச்சுன்னு எழுத மாட்டேன்னு இப்பத்தானே அவர்கிட்ட சொன்ன.

ரஃபீக்: அது வேறக்கா.

பாக்கியம்: வேற இல்ல. முழுசா காப்பி போடு. ரெண்டு காப்பி. ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும். அந்தப் போனையும் எடு, சார்ஜர் இருந்தா சேர்த்துக் குடு. இங்கேர்ந்து நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்.

ரஃபீக்: சத்தம் இல்லக்கா இதுல. அவன் என்ன கேட்டான், நீங்க என்ன சொன்னீங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆபீசர் கேட்டா ஏதாவது சொல்லிக்கலாம்.

பாக்கியம்: சத்தம் இல்லாததாலதான் நான் போய்ச் சொல்லணும். பெல்ட் குடுங்கக்கான்னு ரெண்டு தடவை கேட்டான். 'பூசையில வச்சதை இன்னைக்கு எடுக்கக் கூடாதுடா, நாளைக்குக் காலையில மொதப் பெல்ட்டு உனக்குத்தான்'னேன். அந்தப் பெல்ட்டு பொட்டோட இன்னும் ஸ்டோர்லதான் கிடக்கு. ரமணனுக்கு நான் தர வேண்டிய பாக்கி அது.